சிரித்தவரே அடுத்த வரியை வாசிக்கட்டும்

15.03.2019, வெள்ளிக்கிழமை, மாலை 6.10
1. ஆங்கில வாசிப்பு வட்டத்தின் ஆண்டுவிழா உரை

என் பேச்சின் நீளத்தைக் கைக்கடிகாரத்தால் கண்காணிக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை அணிசெய்யும் மூத்தோரே! அடுப்பை அணைத்துவிட்டு அறிவை மூட்ட வந்திருக்கும் தாய்மாரே! வணங்குகிறேன்.

எழுதுவது ஒன்று, ஒலிப்பது ஒன்று! இது என்ன நியாயம்? ‘ஹானஸ்ட்’ என்றால் நேர்மை. அந்தச் சொல்லின் முதல் எழுத்தே வாய் திறப்பதில்லை! என்ன ஐயா, ‘டௌட்’டா? அதற்குள்ளும் ஓர் ஊமை எழுத்து உண்டு, உட்காருங்கள்!

கடந்த பிப்ரவரி 26, செவ்வாய்க்கிழமை... புதன் அல்ல, பொருளாளரே, செவ்வாய்! நம் வட்டத்தைச் சேர்ந்த காஜா அக்கா, சட்டைகளுக்குப் பொத்தான் துளை தைப்பவர், தம் தையல் கூடத்தில் மேற்பார்வையாளர் பதவிக்கான தேர்வுக்கு நின்றார். வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வந்த அம்மையார் முன்னே ஆர்டர் தாளை உரக்க வாசிக்க வேண்டும். தவறினால் பதவி வெளியாளுக்கு!

பின்னல் துணியைக் குறிக்கும் ‘நிட்’ என்ற சொல் வந்தது. முன்னால் ஒரு ‘கே’ முறைத்துக்கொண்டு நின்றது. நம் அக்கா எழுத்துக்கு அநீதி இழைப்பாரா? “க்னிட்!” என்றார் கம்பீரமாக.

மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா அசைந்தாரா? அயர்ந்தாரா? தாளை அவர் கையிலேயே கொடுத்தார்.

“எங்க வட்டத்துல ஒரு சட்டம் சார். சிரிச்சவங்கதான் அடுத்த வரிய வாசிக்கணும். இந்தாங்க.”

“அட, நான் எதுக்கும்மா?”

“சிரிச்சீங்கல்ல?”

அடுத்த வரியில் மேலாளரே தடுக்கி விழுந்தார். அம்மையார் சிரித்தார். தாள் அம்மையாரிடம் போயிற்று! அடுத்த வரியோ தொழிலாளருக்கான தமிழ்க் குறிப்பு. ‘முழுக்கை’ என்பதை அவர் ‘முலுக்காய்’ ஆக்கினார். கூடமே குலுங்கியது! சட்டம் சட்டம்தானே? கூடமே எழுந்து நின்று மீதியை முழங்கியது!

மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தப்பாப் படிச்சும் நீங்க நிறுத்தலியேம்மா! அப்படிப்பட்ட ஆள்தான் எனக்கு வேணும். நாளையிலேருந்து மேற்பார்வை நீங்கதான். ஆனா அந்தச் சட்டம் மட்டும் இங்க வேணாம்.”

“ஏன் சார்?”

“சிரிச்சு சிரிச்சு வேலை நடக்காதும்மா!”

கேட்டீர்களா? அறியாமை அவமானமா? இல்லை! தடுமாற்றம் தோல்வியா? இல்லை! வாயை மூடுவதே தோல்வி! ஊமையாக இருப்பது எழுத்தோடு போகட்டும்; நாம் ஏன் ஊமையாக வேண்டும்?

பொறுப்பு கூடிவிட்டதால் அக்கா இனித் தாமதமாகத்தான் வருவார். அவர் நாற்காலியில் யாரும் பையை வைக்காதீர்கள்!

பிழையின்றி வாசித்தோர்க்கும், பிழையோடு வாசித்தோர்க்கும், பின்வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருப்போர்க்கும் என் நன்றி. வணக்கம்!