ஓட்டை இல்லாத கண்ணாடி

ஆமா தம்பி, நான்தான் சொன்னேன். உங்க முதலாளி மேல தப்பே இல்ல. நீங்க வந்து அளவெடுத்துட்டுப் போன அன்னிக்கே கடைக்குப் போன் போட்டு, மேஜைக் கண்ணாடிக்கு நடுவுல குடை சொருகுற ஓட்டை வேண்டாம், முழுசா விட்டுடுங்கன்னு சொல்லிட்டேன். அவரு உங்ககிட்ட சொல்லலையா? சரி விடுங்க, இறக்குங்க. பாத்து, பாத்து, அந்தப் பூந்தொட்டி இடிக்கும். நான் ஒரு கை பிடிக்கட்டுமா? ஏன், என் கால் கட்டப் பாத்து பயப்படுறீங்களா? அது ஒண்ணுமில்ல, சும்மா கீறல்.

குடையா? குடை வேண்டாம். அந்த மூலையில சாத்தி வெச்சிருக்கேன் பாருங்க, வேணும்னா நீங்களே எடுத்துட்டுப் போங்க. வெளிய போடுற மேஜைக்குக் குடை இல்லாம எப்படின்னா... வெயில் அடிச்சா அடிக்கட்டுமே, உருகியா போயிருவோம்? காலம் பூரா பஸ் ஓட்டினவன் நான். தலைக்கு மேல தகரம், காலுக்குப் பக்கத்துல இன்ஜினு. வெயிலும் நானும் பங்காளிங்க.

தெரியும், தெரியும். சூடு ஏத்தி உறுதி பண்ண கண்ணாடியில அப்புறம் துளை போட முடியாது, போட்டா மொத்தமும் பொலபொலன்னு கொட்டிரும். கடைக்காரரும் சொன்னாரு. பெரியவரே, நல்லா யோசிச்சுக்கோங்க, நாளைக்கு வந்து ஓட்டை போட்டுக் குடுன்னு நிக்கக் கூடாதுன்னாரு. நிக்க மாட்டேன்யா. எனக்கு நடுவுல கம்பம் ஆகாது, அவ்வளவுதான்.

மணி என்ன ஆச்சு? மூணா? உங்க கடிகாரம் சரியா ஓடுதா? இல்ல, அவசரமெல்லாம் இல்ல. நீங்க உங்க வேலையப் பாருங்க. ஒரு நாலு மணிக்குள்ள முடிஞ்சிரும்ல?

ஒரு நிமிஷம், அப்படியே நில்லுங்க. கால எடுக்காதீங்க. உங்க செருப்புக்குப் பக்கத்துல ஒண்ணு மின்னுது. ...ஆங், பாத்தீங்களா, கண்ணாடித் துண்டு. எத்தனை தடவை பெருக்கியாச்சு, கழுவி விட்டாச்சு, ஈரத் துணியால ஒத்தி எடுத்தாச்சு, இன்னும் எங்கிருந்துதான் வருதோ. உங்க கண்ணாடி ஒடைஞ்சா கல்கண்டு மாதிரி ஆயிடுதுய்யா. ஆபத்தில்லைன்னு நீங்க சொல்லுவீங்க. வெறுங்காலுல மிதிச்சுப் பாத்தாத்தானே தெரியும். செருப்பு போட்டு நடந்தா ஒண்ணும் ஆகாது, சரிதான். எல்லாரும் செருப்பு போடுறாங்களா என்ன?

எப்படி ஒடைஞ்சுதுன்னா, பூனைதான். சுவத்து மேல ஒரு பூனை நடமாடும், அது குதிச்சுச்சு. ...ஏன் சிரிக்கிறீங்க? பெரிய பூனை தம்பி. நம்பலையா? சரி, பூனை குதிச்சப்ப காத்தும் அடிச்சுச்சு, குடை சாஞ்சு, கம்பம் முறிஞ்சு... கம்பம் முறியலதான். அதோ மூலையில முழுசா இருக்கு. சரியான ஆளுய்யா நீங்க. கண்ணாடி மாட்ட வந்தீங்களா, துப்பு துலக்க வந்தீங்களா?

அங்க என்ன, ஒரு மூலை ஆடுதே. கண்ணாடிக்கு அடியில ரப்பர் பொட்டு ஒண்ணு காணோமா? இருங்க, பழைய செருப்பு ஒண்ணு இருக்கு, வெட்டித் தர்றேன். உங்ககிட்டயே இருக்கா? அப்ப நல்லதாப் பாத்துப் போடுங்க. ஆடவே கூடாது. கை ரெண்டையும் மேஜையில ஊனிப் பேசுற ஆளுங்க இருப்பாங்க. டக்குனு ஆடிச்சுன்னா பேச்சு நின்னு போயிரும்.

யாரா? யாருமில்ல. பொதுவாச் சொன்னேன்.

என்ன, அளவெடுக்க வந்தப்ப இருந்த மீசை எங்கன்னா கேக்குறீங்க? வந்ததுலேருந்து என் மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியாதா? எடுத்துட்டேன். இன்னிக்குக் காலையிலதான். வெயிலுக்கு அரிச்சுது. ...அட, வெயிலும் நானும் பங்காளின்னு இப்பத்தான் சொன்னேன், ஆமா. பங்காளின்னா சண்டை வராதா? டிப்போவுல எனக்கு மீசைக்காரருன்னுதான் பேரு. பேரு சொல்லிக் கேட்டா யாருக்கும் தெரியாது. கண்ணாடியில பாத்தா எனக்கே யாரோ மாதிரிதான் இருக்கு. உதட்டுக்கு மேல குளுகுளுன்னு காத்து படுது, கை தானா தடவத் தேடிப் போவுது. ரொம்ப அசிங்கமா இருக்கா? உண்மையச் சொல்லுங்க. வயசு குறைச்சலாத் தெரியுதா? பொய் சொல்லாதீங்க, கூலியக் கூட்டிக் குடுக்க மாட்டேன்.

அந்தப் பக்கமா? அது பக்கத்து வீடு. தையக்காரம்மா இருக்காங்க. அய்யோ, அத ஏன் கேக்குறீங்க, விடிஞ்சா பொழுது போனா கடகடகடன்னு தையல் மெஷினு. மத்தியானம் கண்ண மூட முடியாது. என் வீட்டுக்காரி இருந்த வரைக்கும், அவங்க நல்ல பொம்பள, சும்மா கத்தாதீங்கன்னு என் வாய அடைப்பா. அவ போனதுக்கப்புறம் கேக்க ஆளு ஏது. தெனம் சாயங்காலம் இதே எடத்துல நின்னு சுவத்துக்கு மேல எட்டிப் பாத்து, ஏம்மா, கொஞ்சம் நிறுத்தும்மா, மனுஷன் தூங்க வேண்டாமான்னு சத்தம் போடுவேன். அவங்க மெஷின விட்டு எந்திரிச்சு, அவங்க பக்கம் இருக்குற படியில ஏறி நின்னு, சிரிச்சு சிரிச்சுத் தலைய ஆட்டுவாங்க. மறுநாள் பாத்தா மறுபடியும் கடகடகட. எனக்கு வந்த கோவம்!

அப்புறம் ஒரு நாள், என் பேன்ட்டக் கீழ மடிச்சுத் தைக்கச் சொல்லிக் குடுக்க வாசல் பக்கமாப் போனேன். அப்பத்தான் சொல்றாங்க. எனக்குக் காது கேக்காதுங்க, எதிர்ல நிக்கிறவங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவேன், சுவத்துக்கு மேல உங்க நெத்தியும் கண்ணும் மட்டும்தான் தெரியும், பாவம் ஏதோ ஆசையாப் பேசுறாரேன்னு தலைய ஆட்டுவேங்கிறாங்க. எப்படி இருக்கு கதை! அத்தனை நாளு நான் திட்டினதெல்லாம் ஆசையாப் பேசுனதாப் போய்ச் சேந்திருக்கு. நான் என்னத்தச் சொல்ல? ஆமாங்க, ஆசையாத்தான் பேசுனேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அதுக்கும், மீசை மறைக்குது, ஒண்ணும் புரியலன்னு சிரிக்கிறாங்க.

அன்னிலேருந்து திட்டுறது நின்னு போச்சு. எட்டிப் பாக்குறது நிக்கல.

மணி என்ன? மூணேகாலா? போகவே மாட்டேங்குதே. இல்ல இல்ல, சீக்கிரமாப் போவுதுன்னு சொல்ல வந்தேன். நான் இப்படி நடந்துக்கிட்டே இருந்தா உங்களுக்கு எடைஞ்சலா இருக்கா? ஒக்காரணுமா? ஒக்காந்தா எந்திரிக்கணும்னு இருக்கு, எந்திரிச்சா ஒக்காரணும்னு இருக்கு. காலையிலேருந்து கால்ல வெந்நி ஊத்திக்கிட்ட மாதிரிதான் திரியிறேன். டீ போட்டு எங்கயோ வெச்சேன், எங்க வெச்சேன்னு தெரியல. நீங்க பாத்தீங்களா?

இப்பச் சத்தமே இல்லையேன்னு கேக்குறீங்களா? இல்லதான். மெஷினக் கட்டி வெச்சுட்டாங்க. ஒரு வாரமா அந்த வீட்டுல ஈ பறந்தாக் கேக்கும். இப்ப நான் நல்லாத் தூங்கணும்ல? தூக்கமே வரல தம்பி. படுத்தா காது அந்தப் பக்கமே கெடக்கு. எப்படா கடகடங்கும்னு.

அவங்க பையன் நாளைக்கு வர்றான், லாரியோட. அம்மா தனியா இருக்க வேண்டாம், என்கூட வந்து இருன்னு சொல்லிட்டான். நல்ல பையன், குத்தம் சொல்ல முடியாது. அவன் வீட்டுல ஒரே அறை, மெஷின் வெக்க எடமில்லயாம், அதுக்கென்ன, அம்மா தைக்கத்தான் வேண்டாமேங்கிறான். எனக்கு இத யார் சொன்னா? அவங்கதான். சுவத்துக்கு அந்தப் பக்கம் படியில நின்னு சொல்லிட்டு, நீங்க என்ன சொல்றீங்கன்னு என்னக் கேட்டாங்க. என்னப் போய்! நான் என்ன சொன்னாலும் நெத்திதானே தெரியும்?

அதான் ஏறினேன்.

ஆமாய்யா, மேஜை மேலதான். பூனையும் இல்ல, காத்தும் இல்ல. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? வாய் சுவத்துக்கு மேல வரணும்ல, அதுக்காக மேஜைய இழுத்துச் சுவத்தோரமாப் போட்டு, குடையக் கழட்டி வெச்சிட்டு ஏறி நின்னேன். இந்த ஒடம்போட. நின்னு, மூச்ச இழுத்து, இத பாருங்கன்னு ஆரம்பிச்சேன். அவ்வளவுதான். டமார்னு ஒரு சத்தம், அடுத்த நொடி நான் இந்தச் சட்டத்துக்கு நடுவுல நிக்கிறேன், இடுப்பு வரைக்கும் மேஜைக்குள்ள. சொல்ல வந்தது சொல்லாமயே போச்சு.

அவங்களுக்குச் சத்தம் கேக்கல. ஆனா இருந்த மூஞ்சி திடீர்னு காணாமப் போனாப் பதறாதா? ஓடி வந்துட்டாங்க, அந்த வாசல் வழியாச் சுத்தி, வெறுங்காலோட. அவங்க எப்பவுமே செருப்பு போடுறதில்ல, மெஷின மிதிச்சு மிதிச்சுப் பழகின காலு. கண்ணாடி மேலயே நடந்து வந்து, என் கால்ல துணியச் சுத்திக் கட்டிவிட்டாங்க, அப்புறம்தான் நான் பாக்குறேன், அவங்க பாதத்துலயும் ரத்தம். எனக்கு உயிரே போயிருச்சு தம்பி. அவங்க சிரிக்கிறாங்க. சொல்ல வந்தத மனுஷன் மாதிரி ஒக்காந்து எதிரெதிரா சொல்லுங்க, மொதல்ல மேஜைய சரி பண்ணுங்க, ஊருக்குப் போறதுக்கு மொத நாள் நாலு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

இப்பப் புரியுதா ஏன் நடுவுல கம்பம் வேண்டாம்னேன்னு? குடைக்கம்பம் நட்டமா நின்னா மூஞ்சில பாதி அதுக்குப் பின்னாடி போயிரும். நான் தலையச் சாய்க்க, அவங்க தலையச் சாய்க்க, கண்ணாமூச்சியா வெளையாடுறது?

ஆச்சா? ஆடலையே? ஊனிப் பாக்கட்டுமா... ஆடல. நல்ல வேலை. நாற்காலி ரெண்டு போதும், மத்ததெல்லாம் உள்ள தள்ளிருங்க. இது இங்க, அது அங்க. ரொம்பத் தூரமா இருக்கோ? கொஞ்சம் கிட்ட. ...ரொம்பக் கிட்ட வேண்டாம், என்ன நெனப்பாங்க. அந்தத் தொடப்பத்த இப்படிக் குடுங்க, வாசல்லேருந்து இங்க வரைக்கும் இன்னொரு தடவை கூட்டிர்றேன்.

இருங்க, இருங்க, பைய எடுக்காதீங்க. எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. அந்த நாற்காலியில ஒக்காருங்க. சும்மா ஒக்காருங்கய்யா, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் இங்க ஒக்காந்துக்கறேன். இப்ப நான் சத்தம் வராமச் சொல்றேன், நீங்க உதட்ட மட்டும் பாருங்க. சிரிக்காதீங்க. பாருங்க.

...

புரிஞ்சுதா? புரியலையா? ஒண்ணுமேவா? அய்யய்யோ. மீசைய எடுத்துமா? வேகமாச் சொல்லிட்டேன் போல இருக்கு. நெஞ்சு அடிச்சுக்குதுல்ல, வாயும் சேந்து ஓடுது. இன்னொரு தரம். மெதுவா. என் மூஞ்சியவே பாருங்க.

...

ஆங்! அதேதான். அதேதான் தம்பி. போகாதீங்க. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்ல.

என்ன, மறுபடியும் ஒக்காந்துட்டீங்க? அட, உங்களச் சொல்லலய்யா! நீங்க கெளம்புங்க. வாசக் கதவ மட்டும் தெறந்தே வெச்சுட்டுப் போங்க.