மூணாவது பாட்டில் ஒரு மூச்சு

இல்லக்கா, இன்னும் குட்டையா வெட்டுங்க. காது தெரியணும். ஐயோ, முடி என்னுது, முகத்தைத் தூக்கி வச்சிக்கிறது நீங்களா? ஸ்கூல்லருந்து வளத்ததுதான். போகட்டும் விடுங்க. போட்டோவுக்கு விக்கு வச்சு ஒப்பேத்தியாச்சு, மேடைல வேர்த்து நகந்துச்சுன்னா மானம் போயிடும்ல?

ஆமா, பாட்டெல்லாம் நேத்தே நெட்ல விட்டாச்சு. சாயங்காலம்தான் ஃபங்ஷன். தொளதொளன்னு ஒரு சட்டை, நகை நட்டு ஒண்ணும் கிடையாது. புது நான்! சிரிக்காதீங்க, போஸ்டர்லயே அப்படித்தான் போட்டிருக்கு. எல்லாம் எங்கண்ணன் ஐடியா. என் புரோகிராமெல்லாம் அவன்தானே பாக்கறான். இன்னும் உச்சத்துல கத்திக்கிட்டிருந்தா ஒரு பயலும் கேக்க மாட்டான்னுட்டான். போன ரெண்டு ஆல்பமும் ஊத்திக்கிச்சே, நான் என்னத்தப் பேச?

நீங்க கேட்டீங்களா? நெஜமாவா? எல்லாருக்கும் பிடிச்சிருக்குக்கா. காதுகிட்ட வந்து ரகசியம் பேசற மாதிரி இருக்காம். போன் ஓயாம அடிக்குது. இந்தப் பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கு பாருங்க.

நான் உயிரைக் குடுத்துத்தான் பாடினேன். மெட்டு பிடிபடறதுக்கு முதல்ல வேற ஒரு பொண்ணு பாடி வைப்பா, டிராக்னு சொல்லுவாங்க. அதைக் கேட்டுத்தான் நான் பாடணும். அப்புறம் அவ குரலை எடுத்துட்டு என் குரலை வைப்பாங்க. அந்தப் பொண்ணை ஸ்டூடியோல பாத்தேன். காது தெரிய வெட்டின முடி, தொளதொள சட்டை. அப்பக்கூட எனக்கு உறைக்கல, மக்கு.

பாட்டு வெளிய வர்றவரைக்கும் நான் கேக்க மாட்டேன்க்கா. கண்ணு பட்டுடும்னு ஒரு பைத்தியக்காரத்தனம். நேத்துதான் கார்ல அண்ணன் போட்டான். மூணாவது பாட்டு, சரணத்துல ஒரு வரிக்கு நடுவுல மூச்சு வாங்குது. நான் அங்க மூச்சு வாங்கவே மாட்டேன். அந்த வரி எனக்கு ஒரே மூச்சுல வரும், எங்கிட்ட இருக்கிற திமிரே அது ஒண்ணுதான். நிறுத்துண்ணான்னேன். அவன் நிறுத்தல. என் குரலை வச்சுப் பாத்தாங்களாம், பழசா இருந்துச்சாம். அவளோடதையே விட்டுட்டாங்க. எல்லாப் பாட்டும்க்கா! யாருக்கும்மா தெரியப் போவுதுன்னு என்னையே கேக்கறான். அவளும் வாயைத் திறக்க மாட்டாளாம்.

சாயங்காலம் நான் வாயை அசைச்சாப் போதுமாம். முடியாதுன்னா இன்னிக்கே காலி, சரின்னாலும் காலிதான். வேற என்ன பண்ணுவேன், சொல்லுங்க? பாட்டைத் தவிர எனக்கு என்ன தெரியும்? அழுவறேன்தான், நீங்க பாட்டுக்கு வெட்டுங்க.

காலைல அம்மா போன் பண்ணினாங்க. அடுத்த ரூம்ல நான் தும்மினாலே, சளி பிடிச்சிருக்காடின்னு கேக்கறவங்க. எல்லாப் பாட்டையும் கேட்டாங்களாம். இத்தனை வருஷத்துல நீ இப்படிப் பாடினதே இல்லடி, இதுதான்டி உன் நெஜக் குரல்னு ஓன்னு அழறாங்க. ஆமாம்மா, ரொம்பக் கஷ்டப்பட்டுப் பாடினேன்னு சொல்லிட்டேன்.