வினிபெக்கில் ஏழு கிழமை

...கண்மயிர் ஒட்டிப்போகும் பிள்ளை, கண்ணை மூடினால் திறக்கேலாது. வினிபெக்கிலை மைனஸ் முப்பத்தெட்டு. நீ இத்தாலியிலை, இந்தப் பலேர்மோவிலை இருந்துகொண்டு குளிருது எண்டு ஜன்னலைச் சாத்துறாய்... இல்லை, சாத்து சாத்து, எனக்கென்ன. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா படுத்திருக்கிறாவோ? சரி, எழும்பட்டும். பிரான்காச்சோவிலை இருந்து ரெண்டு பஸ் மாறி வந்தனான், இருந்துதான் போவன்.

உன்ரை இடத்தைப் பறிக்க வந்தனான் எண்டு நினையாதை அமலினி. உன்னை இந்த வீட்டிலை வேலைக்குக் கொண்டுவந்து விட்டதே நான்தானே. நான் கனடா போறன், இனி வரமாட்டன், இது நல்ல பிள்ளை எண்டு... சொன்னனானோ இல்லையோ? ஓம். அப்ப நீ ஒரு வார்த்தை சொன்னால் சிஞ்ஞோரா என்னைத் திருப்பி எடுப்பா. பதினெட்டு வருசம் பிள்ளை! உனக்கு வேறை வீடு பாக்கலாம்.

எல்லாம் றோபேட் அண்ணையாலை வந்தது. கூடப் பிறந்தவர் எண்டு நம்பிப் போனன். 'ஒரு பனிக்காலம் மெசின் ஓடிக் காட்டு தங்கச்சி, பேப்பர் போட்டு இஞ்சையே வைச்சிருக்கிறன்' எண்டார். அவருக்கு முதுகு ஏலாது. ஒரு முதியோர் இல்லத்திலை பனி தள்ளுற வேலை எடுத்து வைச்சிருந்தவர். கையாலை தள்ளுற பனியோ அது? சின்ன லோடர் ஒண்டு. முன்னுக்கு வாளி, வாளிக்கு மேலாலை ஏறித்தான் உள்ளுக்குப் போகோணும், கதவு முன்னுக்குத்தான். எவன் கண்டுபிடிச்சானோ. ஸ்ரியறிங் இல்லை. ரெண்டு கைபிடி. ஒண்டைத் தள்ளி மற்றதை இழுத்தால் நிண்ட இடத்திலையே சுத்தும். முதல்நாள் நாலுதரம் சுத்தினன், இறங்கிச் சத்தி எடுத்தன்.

ஆனா பழகீட்டன்! ஓம். ஐம்பத்திரண்டு வயசிலை.

அந்த மெசினுக்குச் செய்த ஊழியம் நான் இந்தச் சிஞ்ஞோராவுக்கும் செய்யேல்லை. இரவிலை வயர் குத்தி எஞ்சினைச் சூடா வைக்கோணும். காலமை ஸ்ராட் பண்ணிப்போட்டு அரை மணித்தியாலம் சும்மா இருக்கோணும், கைபிடியிலை தொடக்கூடாது. உள்ளுக்கை எண்ணெய் எல்லாம் உறைஞ்ச தேங்காயெண்ணெய் மாதிரி. அவசரப்பட்டு வாளியைத் தூக்கினால் பைப் வெடிக்கும். நான் ஒரு பைப்பும் வெடிக்க விடேல்லை. ஒரு காரிலையும் தட்டேல்லை. அங்கை ஒரு வெள்ளைக்காரக் கிழவி ஜன்னலுக்காலை எனக்குக் கை காட்டுறவ, ஒவ்வொரு நாளும்.

பிறகேன் ஏழு கிழமையிலை திருப்பி அனுப்பினவர் எண்டு நீ கேக்கமாட்டாய். மரியாதையான பிள்ளை. சின்ன விசயம்தான். மெசின் இல்லத்துக் கேற்றுக்குள்ளை நிண்டிட்டுது. சாப்பாட்டு வான் உள்ளுக்கு வரேலாமல் போச்சு. அம்புலன்ஸ் ரோட்டிலை நிக்க, ஒரு ஐயாவைக் கையிலை தூக்கிக்கொண்டு போனவங்கள். மனிசன் தப்பீட்டார், அதைப் பற்றி ஒருத்தரும் கதைக்கமாட்டினம். றோபேட் அண்ணைக்கு அந்த வேலை போட்டுது, அதைப் பற்றி மட்டும் கதை.

ஏன் நிண்டது எண்டால்... அவ்வளவு ஊத்தை பிள்ளை. மணலும் கிறீசும் மெசின் முழுக்க அப்பிக் கிடந்தது. அடுத்தநாள் அண்ணை வந்து மெசினைப் பாத்துப்போட்டுப் பேப்பர் விசயம் கதைக்கிறதா இருந்தவர். ஊத்தையோடை காட்டலாமோ? இந்த வீட்டிலை ஒரு கரண்டியாவது ஊத்தையா வைச்சனானோ? இல்லத்துக் குசினியிலை இருந்து றப்பர் பைப்பை இழுத்துச் சுடுதண்ணி அடிச்சன். சோப்புப் போட்டு. கேற்றடி மட்டும்தான் பைப் எட்டினது. சில்லு, வாளி, கதவு இடுக்கு எல்லாம். ஆவி எண்டால் ஆவி! மின்னிச்சுது. வயரும் குத்தீட்டுத்தான் போனனான்.

காய்ஞ்சிடும் எண்டு நினைச்சன்... காயேல்லை. காலமை வந்து பாத்தால் எல்லாம் உறைஞ்சு ஒரே கண்ணாடி. நாலு சில்லும் நிலத்தோடை. கதவு எது, சுவர் எது எண்டு தெரியேல்லை. அண்ணை வந்து பாத்தார். காருக்குள்ளை இருந்துகொண்டு போனிலை எனக்கு ரிக்கற் போட்டார்.

அப்ப சிஞ்ஞோராட்டை நீ சொல்லேக்கை, குளிர் ஒத்துவரேல்லையாம் எண்டு சொன்னால் காணும். மெசின் கதை வேண்டாம்.

என்ன?

வேலைக்குக் கொந்த்ராத்தோ எண்டு ஒப்பந்தமே எழுதித் தந்தவவோ? உன்ரை பேரிலை? எப்ப... அதைக் காட்டித்தான் இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ விசாவைப் புதுப்பிக்கக் குடுத்திருக்கிறியோ? குவெஸ்தூராப் பொலிசுக் கந்தோருக்கு எப்ப போகோணும்... வாற வெள்ளி. அப்ப இந்த வேலை இல்லை எண்டால் உனக்கு... ஓம். ஓம், விளங்குது. எனக்கு ஆர் சொன்னது இதெல்லாம்?

எனக்கென்ன பிள்ளை, என்ரை பெர்மெஸ்ஸோ நிரந்தரம். நான் சும்மா பாத்திட்டுப் போகத்தானே வந்தனான். ரெண்டு பஸ் ஒரு தூரமோ.

சிஞ்ஞோரா கூப்பிடுறா. அமலினி எண்டு முழுப் பேரும் சொல்லுறா, கேட்டியோ. எனக்குப் பதினெட்டு வருசமும் றோசாதான், றோசமலர் எண்டு வாயிலை வரேல்லை. போ, போ. நான் வந்தது சொல்லாதை. இல்லை... சொன்னாலும் பரவாயில்லை. போ.

அமலினி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் பொரிந்துகொண்டிருந்த கத்தரிக்காய் ஒரு பக்கம் கறுக்கத் தொடங்கியிருந்தது. றோசமலர் கைப்பையைத் தோளில் மாட்டினாள். துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிரட்டிப் போட்டு, காஸைக் கொஞ்சம் குறைத்துவிட்டாள்.