கொல்லையில் ஒரு தீவு

மூங்கிலை வாங்கிய கையோடு அறுத்துவிடக் கூடாது. நிழலில் சாய்த்து வைத்துப் பத்து நாளாவது காயவிட வேண்டும். அவசரப்பட்டால் ஆணி இறங்கும்போது நீளவாக்கில் பிளந்துகொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியாது. அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

நீங்கள் வந்ததிலிருந்து ஜன்னல் வழியாக அந்தக் கொட்டகையையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், மேடம். பரவாயில்லை, எல்லோரும் பார்ப்பார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட இரண்டு நிமிடம் அதன் முன்னால் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். இழவு வீட்டில் கேட்கிற கேள்வி இல்லை என்று தெரிந்தும், "யாரு கட்டினது?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். செத்தவர்தான் கட்டினார் என்றேன். 

நீங்கள் கேட்டது சின்ன விஷயம். ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டேஷனுக்குக் காகிதம் வந்திருக்கிறது, வழக்கமான விசாரணைதான், அண்ணன் மறுபடி எப்போது குடிக்க ஆரம்பித்தார் என்று சொல்லிவிட்டால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன் என்றீர்கள். தேதியைச் சொல்லிவிடலாம். ஆனால் நான் இருபத்தாறு வருஷமாக மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன். சீட்டில் ஐந்து மருந்து எழுதியிருந்தால் இரண்டைக் கொடுத்து அனுப்பிப் பழக்கமில்லை. மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன். உட்காருங்கள்.

அண்ணன் என்னைவிட ஏழு வயது மூத்தவர். தச்சு வேலை. அவர் மாட்டிய கதவு எந்த மழைக்கும் இறுகாது. முப்பது வயதுக்கு மேல்தான் குடி வந்தது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷம் அவரைத் தூக்கிச் சுமந்தது நான். பேச்சுக்காகச் சொல்லவில்லை, தோளில் போட்டுத்தான் தூக்கி வந்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்திலிருந்து, மர டிப்போவிலிருந்து, ஒருமுறை முடிவெட்டும் கடை வாசலிலிருந்து ஒற்றைச் செருப்போடு. என் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் நடுவில் ஏழெட்டுப் படங்களில் பெண் மட்டும் தனியாக நிற்பாள். மாப்பிள்ளை அப்போது மண்டபத்தின் பின்பக்கம் அண்ணனுக்கு முகம் கழுவிவிட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணி எட்டு வருஷம் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் துணிகளையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்து, "இனிமே உங்க பாடு தம்பி" என்றார். கோபத்தில் சொல்லவில்லை. அவரும் களைத்துப்போயிருந்தார்.

குடித்த நாட்கள் கஷ்டமில்லை, மேடம். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். குடித்துவிட்டு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், பக்கத்தில் வாளி வைக்க வேண்டும். கஷ்டமெல்லாம் அவர் நிறுத்திய நாட்களில்தான். பதினொரு தடவை நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் சவரம் செய்துகொள்வார், உளிகளைத் தீட்டுவார், வீட்டில் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பேன். வாசல் கேட்டின் கொண்டியைத் திறக்க எத்தனை நேரம் ஆகிறது, நடை எப்படி வருகிறது, செருப்பை ஜோடியாகக் கழற்றுகிறாரா என்று. அவர் பால் குடித்துவிட்டு வைத்த டம்ளரைக்கூட எடுத்து முகர்ந்து பார்ப்பேன். நாற்பது நாள், மூன்று மாதம், ஒருமுறை ஐந்து மாதம். பிறகு ஒரு நாள் செருப்பு ஜோடியாக இருக்காது. அன்றைக்கு நான் அசந்து தூங்குவேன்.

பன்னிரண்டாவது தடவைதான் கடைசி. ரத்த வாந்தி எடுத்து, பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். டாக்டர் அவர் எதிரிலேயே சொன்னார்: "இதுவரைக்கும் உங்க கல்லீரல் பொறுத்துக்கிச்சு. இனிமே ஒரு ரவுண்டு ஆரம்பிச்சா என்கிட்ட கூட்டிட்டே வராதீங்க. நான் ஒண்ணும் செய்ய முடியாது." அண்ணன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அங்கிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்பக்க அறையைக் கொடுத்தோம். ஒரு மாதம் ஆயிற்று, மூன்று மாதம் ஆயிற்று, வருஷம் ஆயிற்று. செவ்வாய்க்கிழமைதோறும் குடியை விட்டவர்கள் கூட்டத்துக்குப் போனார். என் மனைவிக்குச் சமையலறை அலமாரி முழுவதையும் மாற்றிக் கொடுத்தார். என் மகள் எட்டாம் வகுப்பு. அவளுக்குக் கணக்கு வராது. இவர் அளவு நாடாவையும் மூலை மட்டத்தையும் வைத்துக்கொண்டு பின்னக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார். அவளுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜையில் மூன்று பேரும் சிரிப்பார்கள். நான் உள்ளே வந்தால் எனக்கும் சேர்த்து அந்தச் சிரிப்பை முதலிலிருந்து விளக்குவார்கள். விளக்கினால் எந்தச் சிரிப்பும் ஆறிப்போய்விடும்.

ஒருநாள் மனைவி சொன்னாள்: "மாமா வந்தப்புறம்தாங்க இது வீடு மாதிரி இருக்கு."

கடையிலும் அப்படித்தான். முன்பெல்லாம் தலைவலி மாத்திரை வாங்க வருகிறவர்கள்கூட, "அண்ணன் எப்படி இருக்கார்? உங்களை மாதிரி ஒரு தம்பி கிடைக்கணுமே" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. நல்லதுதானே, கேட்க என்ன இருக்கிறது. நான் மட்டும் கேட்டின் கொண்டிச் சத்தத்தை எண்ணுவதை நிறுத்தவில்லை. நிறுத்த வரவில்லை. பதினான்கு மாதமாக ஒழுங்கான தூக்கம் இல்லை. எப்படியும் ஒரு நாள் விழத்தான் போகிறார், அந்த நாள் எதுவென்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

கொட்டகை யோசனை பக்கத்து வீட்டுப் பல் டாக்டரால் வந்தது. அவர் குடும்பத்தோடு ஏதோ தீவுக்குப் போய்வந்து, கடற்கரைப் பார் ஒன்றைப் போனில் காட்டினார். மூங்கில் கால்கள், ஓலைக் கூரை, கலர் விளக்கு, உயரமான ஸ்டூல். "உங்க கொல்லைப்புறம் சும்மாதானே கிடக்கு. இப்படி ஒண்ணு போட்டா நான் தினமும் வந்துடுவேன்" என்று சிரித்தார். நல்ல மனிதர். அவருக்கு எதுவும் தெரியாது.

மனைவியிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இந்த வீட்டுலயா? மாமாவை வச்சுக்கிட்டா? உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?"

அண்ணன் வாசலில் உட்கார்ந்து ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சொன்னார்: "கட்டட்டும்மா. எனக்குப் பயந்து அவன் எத்தனை வருஷம் ஆசையை அடக்கிக்கிட்டு இருப்பான்? ஊர்ல இருக்கிற பாரையெல்லாம் எனக்காகவா மூடிட்டாங்க?" பிறகு என்னைப் பார்த்து, "வெளி ஆளைக் கூப்பிட்டே, அப்புறம் நான் மனுசனா இருக்க மாட்டேன். நானே செய்றேன்டா" என்றார்.

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது.

ஏழு வாரம் வேலை நடந்தது. நான் கடைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் எடுபிடி வேலை செய்வேன். அவர் கை நடுக்கம் முழுதாக நின்றிருந்தது. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடி மூங்கிலைப் பார்த்தார் என்றால் அரை நூல் பிசகாது. கிளாஸ் வைக்கிற மேடைக்கு, உடைத்த படகிலிருந்து வந்த ஒரே பலகை; ஆணி ஓட்டைகளை அடைக்காமல் அப்படியே விட்டு மெருகேற்றினார். கூரைக்குப் பிளாஸ்டிக் ஓலை. மகள் ஒரு பலகையில் பச்சைக்கிளி வரைந்தாள். கிளியின் மூக்கு அவள் பெரியப்பா மூக்கு மாதிரி இருப்பதாகச் சொல்லி வீடே சிரித்தது. என்னிடமும் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

ஒருநாள் பின்சுவரில் அடுக்கு வைக்க வேண்டும் என்றேன். மூன்று தட்டு, பூட்டுப் போட்ட கண்ணாடிக் கதவோடு.

"எதுக்குடா?"

"பழச்சாறு, சிரப்பு, அப்புறம் வர்றவங்களுக்கு நாலு பாட்டில். வெறும் தண்ணியா குடுக்க முடியும்ணே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார். பிறகு கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்துச் சுவரில் ஒரு சாண், அதன் மேல் நாலு விரல் வைத்துக் கோடு போட்டார். "பெரிய பாட்டிலுக்கு இவ்ளோ வேணும்" என்றார். அளவு நாடா அவர் இடுப்பிலேயே இருந்தது. அவர் அதைத் தொடவில்லை.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மதியம். பல் டாக்டர் குடும்பம், கடையிலிருந்து நாலு பேர், மகளின் தோழிகள். அண்ணன் மேடைக்குப் பின்னால் நின்று குழந்தைகளுக்கு அன்னாசியையும் தேங்காய்ப்பாலையும் அடித்து, குடை செருகிய கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். பெரியவர்களுக்கு ஊற்றும் வேலை என்னுடையது. அவர் கைக்கும் என் கைக்கும் நடுவே ஒரு முழம்தான் இடைவெளி. பல் டாக்டர் விவரம் தெரியாமல், "நீங்க ஒண்ணு எடுத்துக்குங்க" என்றார். அண்ணன், "நான் என் பங்கை எப்பவோ குடிச்சு முடிச்சிட்டேன் சார்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுக்கின் சாவியை நான் கிளிப் பலகைக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்தேன். மறைத்து வைத்ததில்லை. ஒவ்வொரு பாட்டிலின் பின்புறமும் சரக்கு நிற்கும் இடத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டேன். தினமும் காலையில் பார்த்தேன். ஒரு வாரம், மூன்று வாரம், ஐந்து வாரம். கோடு எங்கே இருந்ததோ சரக்கும் அங்கேயே நின்றது. ஒருநாள் அடுக்கு திறந்திருந்தது.  போய்ப் பார்த்தால் அண்ணன் ஈரத்துணியால் பாட்டில்களைத் துடைத்து, பெயர் தெரியும்படி வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். என் கோடுகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன.

"தூசி படிஞ்சிருந்துச்சுடா. ஏதோ பென்சில் கறை வேற" என்றார். அவர் தச்சர். பென்சில் கோட்டுக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாதவர் இல்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டார்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. இவர் விழ மாட்டார். இன்னும் இருபது வருஷம் இந்த வீட்டில் கதவு சரிசெய்துகொண்டு, பேத்திகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பார். அந்த இருபது வருஷமும் நான் கொண்டிச் சத்தத்தை எண்ணிக்கொண்டிருப்பேன்.

நீங்கள் கேட்ட தேதி போன மாதம் பன்னிரண்டு, வியாழக்கிழமை. சரியாகச் சொன்னால் பதினெட்டாம் தேதி புதன்கிழமைதான் அவர் தானே அடுக்கைத் திறந்தார். அதற்குப் பின் நீங்கள் எழுதி வைத்திருப்பதெல்லாம் சரி. பத்தொன்பது நாள் குடித்தார். அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மகள் கதவுக்கு வெளியே நின்று கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தை மூடினாள். நாலு நாள் ஆஸ்பத்திரி. நான்தான் பக்கத்தில் இருந்தேன். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன், வாயைத் துடைத்தேன். நர்சம்மா சொன்னார்கள், இப்படி ஒரு தம்பியை நான் பார்த்ததில்லை என்று. அவர்களையும் நீங்கள் விசாரிக்கலாம்.

பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவில் உள்ளதை யாரும் கேட்கவில்லை. பாரைக் கட்டினான், குடிகாரனுக்குச் சபலம் தட்டிவிட்டது என்று ஊரே முடித்துக்கொண்டது.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் கடையிலிருந்து வந்து, நானே அன்னாசிச் சாறு அடித்துக் கொடுத்தேன். அதில் இருமல் மருந்து மூடியால் இரண்டு மூடி வெள்ளை ரம் கலந்திருந்தது. சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் தாராளமாகப் போட்டிருந்தேன். வேறு யாராவது குடித்திருந்தால் ருசி தெரிந்திருக்காது. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸை மேடையில் வைத்தார். வெகு நேரம் அதையே பார்த்தார்.

"இதுல என்னடா போட்டே?"

"அன்னாசியும் தேங்காய்ப்பாலும்தாண்ணே. ஏன், புளிக்குதா?"

"இல்ல." மறுபடி முகர்ந்தார். "நிஜமா வேற ஒண்ணும் இல்லையே?"

"உங்களுக்குப் போய் நான் போடுவேனா?"

அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "சேச்சே, உன்னைச் சொல்லலைடா" என்று மீதியையும் குடித்தார். வெள்ளிக்கிழமை மூன்று மூடி. சனிக்கிழமை நாலு. செவ்வாய் வரைக்கும் கொடுத்தேன். புதன்கிழமை நான் கொடுக்கத் தேவை இருக்கவில்லை.

இவ்வளவுதான், மேடம். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எல்லோருடைய காத்திருப்பையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவந்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஏழெட்டு நாளாக நல்ல தூக்கம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அடக்கத்துக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நடத்துகிறவர் வந்திருந்தார். பதினேழாம் தேதி கூட்டத்தில் அண்ணன் எழுந்து நின்று பேசினாராம். "வெறும் பழச்சாறுலயே எனக்கு அந்த ருசி தெரியுதுய்யா. அதுவும் என் தம்பி கையால குடுத்தது. அவன் அதுல ஒண்ணும் போட மாட்டான். அப்ப கோளாறு என் நாக்குலதான். நான் இன்னும் திருந்தலை, இனிமே திருந்தவும் மாட்டேன்" என்று சொல்லி அழுதாராம். இதைச் சொல்லும்போது அந்த மனிதரும் அழுதார்.

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டில் எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் அண்ணன் யாரை நம்பினார் என்று முப்பது பேர் முன்னால் அவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அது போதும்.