கழுதையிடம் எல்வீரா கேட்டது

நொயேலியா: ...மெதுவா இழுங்க, தோன் செவெரோ. தோள்பட்டை செத்துப்போச்சு. இந்த ஒரு காட்சிக்கே பதினோரு தடவை கையைத் தூக்கிப் பிடிச்சிருக்கேன்.

செவெரோ: பன்னண்டு. முதல்ல கழுதைப் பொம்மையைக் கையிலேர்ந்து கழட்டிக் கீழ வை.

நொயேலியா: டைரக்டரம்மா என்ன சொன்னாங்க?

செவெரோ: சாப்பாட்டுக்கு அப்புறம் வேற குழந்தையாம். ஒரு பையனை வரச் சொல்லியாச்சு. ஸ்பானிஷ் தண்ணி பட்ட பாடாம் அவனுக்கு.

நொயேலியா: அப்ப எல்வீரா?

செவெரோ: வீட்டுக்கு. அவ அம்மா சலவைக்கடைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. வெளில உக்காந்து அவ ரிப்பனை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுறாங்க... இன்னும் யாரும் அவங்ககிட்ட சொல்லலை.

நொயேலியா: கழுதை சுவர் மேல எட்டிப் பாத்து ஸ்பானிஷ்ல அவ பேர் கேக்குது. பேரைச் சொன்னா முடிஞ்சது. அப்புறம் அந்த நாலு விநாடி மௌனம் வேற, டிவி பாக்கிற பசங்களும் பதில் சொல்லணும்னு... இன்னிக்கு அதுக்கு முடிவே இல்லை.

செவெரோ: அந்த மௌனம் என் யோசனை. திட்டாதே.

நொயேலியா: திட்டத் தெம்பில்ல. நீங்க போய் அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசலாம்ல? காலைலேர்ந்து அந்தப் பக்கமே போகலை நீங்க.

செவெரோ: தலைவலி.

நொயேலியா: காலைல மூணு தமாலே சாப்பிட்டப்ப தலைவலி எங்க போச்சு?

செவெரோ: கழுதை கேட்டே சொல்லாதவ, கிழவன் கேட்டா சொல்லுவாளா...

நொயேலியா: கழுதை பேசுறது நீங்க எழுதிக் குடுத்தது. எங்கப்பா இங்க அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துல ஸ்பானிஷ் பேசினதுக்கு அடி வாங்கினவர். வீட்டுல எங்களை ஒரு வார்த்தை பேச விடலை. நீங்க எழுதித் தந்ததுல ஒரு வரி மாறினா எனக்கு நாக்கு எழும்பாது. ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஸ்பானிஷ் சொல்லிக் குடுக்கிறேன்னு பேரு. இது தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்.

செவெரோ: யார்கிட்டயாவது சொன்னேனா?

நொயேலியா: இல்ல. அதனாலதான் இதையும் உங்ககிட்ட சொல்றேன்... அவ பதில் சொல்லாதப்ப எனக்கு உள்ளூர நிம்மதியா இருந்துச்சு. திருப்பி எதாவது கேட்டா மாட்டிக்குவேனே. இப்ப பாருங்க, அந்தக் குழந்தைக்கு...

செவெரோ: உன்னால இல்ல.

நொயேலியா: பின்ன? குவாத்தமாலாலேர்ந்து வந்து மூணு மாசம்தான் ஆகுது, அசல் ஸ்பானிஷ் பேசும்னுதானே டைரக்டரம்மா தேடிப் பிடிச்சாங்க.

செவெரோ: நாட்டுப் பேரைப் பாத்தாங்க. குழந்தைகிட்ட கேக்கலை. அவ ஊர் மலைமேல. அங்க வீட்டுல பேசுறது ஸ்பானிஷ் இல்ல, மாம்ங்கிற மலை மொழி. நம்ம ஓக்லாண்டுலயே அதைப் பேசுற குடும்பங்க எத்தனையோ இருக்கு. ஸ்பானிஷ் அவளுக்கு உன்னைவிடக் கம்மி.

நொயேலியா: இரு... இருங்க. ஒவ்வொரு தடவையும் கழுதை காதுல ஏதோ முணுமுணுத்தாளே. கீழ பலகைல படுத்திருக்கேன், எனக்குக் கேட்டுது. குழந்தை ஏதோ உளறுதுன்னு விட்டுட்டேன்.

செவெரோ: உளறல் இல்ல. கேள்வி.

நொயேலியா: டைரக்டரம்மா உங்களைத்தானே கேட்டாங்க, என்ன சொல்லுதுன்னு? புரியலைன்னீங்களே.

செவெரோ: ஆமா. சொன்னேன்.

நொயேலியா: தோன் செவெரோ... புரிஞ்சுதா உங்களுக்கு?

செவெரோ: "உனக்கு ஏன் காலே இல்ல? உன்னை யாரு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தது?" பன்னண்டு தடவையும் இதேதான். கேட்டுட்டு, பதில் வரும்னு அது மூஞ்சியையே பாத்துட்டு நின்னா... எனக்கும் வீட்டு மொழி மாம்தான். ஸ்பானிஷ் கத்துக்கிட்டது பதினாலு வயசுல, நொயேலியா, மலையை விட்டு இறங்கின அப்புறம். சந்தைல என் பேச்சைக் கேட்டுச் சிரிச்சாங்க. அன்னிக்கு மூடின வாய். இங்க வேலைக்கு வந்தப்ப தாய்மொழி என்னன்னு கேட்டிருந்த இடத்துல ஸ்பானிஷ்னு எழுதினேன், ஒன்பது வருஷமாச்சு... டைரக்டரம்மாகிட்ட நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன். நீ கழுதையை மாட்டிக்கிட்டு, பலகைல எனக்கும் கொஞ்சம் இடம் விட்டுப் படு. அவளுக்குப் பதில் நான் சொல்றேன், நீ கழுதை வாயை மட்டும் அசை.