சாவி அண்ணனிடம் இருக்கிறது

மணி பதினொன்றே முக்கால். ஊருக்கு வெளியே புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் வெளிச்சம் இல்லை. ஒரு மனிதர் தனியாகச் சைக்கிள் மிதித்துப் போகிறார். கைப்பிடியில் துணிப்பை. பைக்குள் அரம், கம்பி, சாவிக்கொத்து... பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் சலங், சலங்.

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். அந்த சிமெண்டு மூட்டையில் சாயவேண்டாம், ஈரமாக இருக்கிறது. இது நம் மேஸ்திரியின் மச்சானுக்கு நடந்தது. தெருவோரம் குடை நட்டுச் சாவி செய்துகொண்டிருந்தவர். சாவிக்காரர் என்றால்தான் தெரியும். பலகையில் போன் நம்பர் எழுதி வைத்திருப்பார். எந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் போவார். தொழில் அப்படி.

அன்றைக்கு அவர் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“விடிஞ்சா கணக்கெடுக்க வர்றாங்க. இன்னிக்குப் போய்த்தான் ஆகணுமா?”

“ஏழு மணிக்குத்தானே வர்றாங்க. ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன். நீயும் பிள்ளைங்களும் உள்ளதானே இருக்கீங்க?”

“ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கப் போங்க. நம்ம வீட்டுத் தாழ்ப்பாள் ஒரு வருஷமா ஆடுது.”

“வந்து மாட்டறேன், வழிய விடு.”

கணக்கெடுப்பு என்றால் என்னவென்று நம்மில் பாதிப்பேருக்குத் தெரியும். கால்வாய்க் கரைத் தகர வீடுகளை இடிப்பார்கள், பதிலுக்கு மாடி வீடு தருவார்கள். அதற்கு முன்னால் ஆபீசர் வீடு வீடாக வருவார். கதவு திறந்து ஆள் நின்றால் பட்டியலில் பேர் ஏறும், கதவில் எண் விழும். பூட்டியிருந்தால் கதவில் சாக்பீஸால் ‘பூட்டு’ என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அவ்வளவுதான். இருபது வருஷம் அங்கேயே கிடந்தவனும் அந்த ஒரு சொல்லோடு இல்லாதவனாகிவிடுவான்.

போனில் பேசியது ஒரு பெண்.

“அண்ணே... உள்ள மாட்டிக்கிட்டேன். யாரோ வெளியில பூட்டிட்டாங்க. அஞ்சாவது பிளாக்கு, நாலாவது மாடி, கடைசி வீடு.”

எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. பாதி ஊர் அவரிடம் பூட்டு வாங்கியிருக்கிறது, அதனால் அவர் யோசிக்கவில்லை.

கரைக்காரர்களுக்காகப் புறவழிச் சாலையோரம் கட்டிய புதுக் கட்டடம். மேல்மாடிகளில் இன்னும் யாரும் குடிவரவில்லை. கரண்ட் இல்லை. படியேறும்போது பெயிண்ட் வாசனை. இரண்டாவது மாடி, மூன்றாவது மாடி... நாலாவதில் பெயிண்ட் வாசனை நின்றுவிட்டது. பினாயில். இப்போதுதான் கழுவிவிட்ட மாதிரி தரையெல்லாம் ஈரம்.

டார்ச்சைக் கடைசிக் கதவின் மேல் அடித்தார். பித்தளைப் பூட்டு. அடியில் அரத்தால் போட்ட மூன்று கீறல்.

அவர் விற்கும் பூட்டுகளுக்கு ஒரு கீறல்தான் போடுவார். மூன்று கீறல் போட்டது வாழ்க்கையில் ஒரே ஒரு பூட்டுக்கு. அதையும் அவர் கையாலேயே கால்வாயில் எறிந்திருந்தார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய கதை அது. பழைய கரையில் அவருக்கு அடுத்த வீட்டில் ஒருத்தி இருந்தாள். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்கத் தரை கழுவுகிறவள், தனிக்கட்டை. கூடப்பிறக்காவிட்டாலும் அவரை அண்ணே என்பாள், இவர் தங்கச்சி என்பார். அவள் வீட்டு மாற்றுச் சாவி இவரிடம்தான் இருக்கும். அங்கே கணக்கெடுக்க வந்த அன்று எட்டு மணிக்கு முன் அவளை வேலையிலிருந்து விடமாட்டோம் என்றுவிட்டார்கள். முந்தின நாளே வந்து சொன்னாள்.

“நீ கவலைப்படாம போயிட்டு வா தங்கச்சி. கதவத் திறந்து வச்சு நான் வாசல்ல உட்கார்ந்துக்கறேன். சார் வந்தா சொல்லிடறேன்.”

அன்று ராத்திரி கரைக் கமிட்டித் தலைவர் வந்து தோளில் கை போட்டார். “தனிக்கட்டைக்கு எதுக்குய்யா மாடி வீடு? அவ கதவு மட்டும் பூட்டியிருந்தா, அந்த வீடு உன் பையனுக்கு.”

விடிந்ததும் இவர் புதுப் பூட்டு ஒன்றை எடுத்தார், அடையாளத்துக்கு மூன்று கீறல் போட்டார், அவள் கதவில் மாட்டினார். ஆபீசர் கேட்டபோது இவரே சொன்னார்: “யாரும் இல்லீங்க சார். காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சு.”

எட்டரைக்கு அவள் வந்தாள். பூட்டைப் பார்த்தாள், சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தாள், கத்தவில்லை. “சாவி உங்ககிட்டதானே இருக்குண்ணே?” என்று மட்டும் கேட்டாள். இவர் குனிந்து ஏதோ சாவியை அராவிக்கொண்டே இருந்தார்.

பட்டியல் வந்தபோது அவளுடைய வீடு தலைவரின் மைத்துனனுக்குப் போயிருந்தது. சாவிக்காரரின் பேரும் அதில் இல்லை. போய்க் கேட்டார். தலைவர் சிரித்தார். “தங்கச்சி தங்கச்சின்னு கூப்பிட்டவளுக்கே நீ இப்படி. நான் உனக்கு யாருய்யா?”

மழைக்காலத்தில் அவள் தான் கழுவிய ஆஸ்பத்திரியின் வாசலிலேயே செத்து விறைத்துக் கிடந்தாள். இவர் எதிர்க்கரையில் தகரம் அடித்துக் குடியேறினார். பூட்டை எறிந்தவருக்குச் சாவியை எறிய மட்டும் ஏனோ கை வரவில்லை. அது கொத்தோடு கொத்தாகவே கிடந்தது. அந்தக் கரைக்கும் இப்போதுதான் முறை வந்திருந்தது. விடிந்தால் கணக்கெடுப்பு.

“வந்துட்டீங்களாண்ணே?” கதவுக்கு உள்ளேயிருந்து.

கொத்தை எடுத்தார். அந்தச் சாவியே பூட்டுக்குள் போனது. டக். பூட்டைக் கழற்றினார், தரையில் வைத்தார், கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. டார்ச் அடித்தால்... கொண்டியில் பூட்டு. மூன்று கீறல். தரையில் ஒன்றும் இல்லை.

மறுபடி திறந்தார். டக். மறுபடி பூட்டு. எத்தனை தரம் என்று அவருக்கே தெரியாது. திரும்பி ஓடலாம் என்றால் கால் வரவில்லை. விரல் தோல் கிழிந்தது. உள்ளே யாரோ துடைப்பத்தால் தண்ணீர் தள்ளும் சத்தம்... சர்ர்... சர்ர்... கதவின் அடியில் ஈரம் கசிந்து அவர் காலை நனைத்தது.

வானம் வெளுக்கிற நேரம் அந்தச் சத்தம் நின்றது.

“பரவாயில்லண்ணே, விடுங்க. மெதுவா வாங்க. நான் முன்னால போய் உங்க வாசல்ல உட்கார்ந்துக்கறேன். சார் வந்தா சொல்லிடறேன்.”

அப்போதுதான் கால் வந்தது. எப்படி இறங்கினார், எப்படி மிதித்தார் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. பாதி வழியில் சைக்கிள் செயின் அறுந்தது. மிச்சத்தை ஓடியே கடந்தார். கரைக்கு வரும்போது மணி எட்டரை. ஆபீசர் வந்து போய்விட்டார். வரிசையில் எல்லாக் கதவிலும் எண். அவர் கதவில் மட்டும் சாக்பீஸில் ‘பூட்டு’. அதன் கீழே அதே மூன்று கீறல் பூட்டு.

எதிர்வீட்டுத் தையல்காரர் எழுந்து வந்தார். “எங்க போனீங்க? உங்க தங்கச்சின்னு ஒரு அம்மா வாசல்லயே இருந்தாங்க. காலி பண்ணிட்டுப் போய் ரொம்ப நாளாச்சுன்னு சாருகிட்ட அவங்கதான் சொன்னாங்க.”

“உள்ள ஆளு இருக்கேய்யா... தட்டின சத்தம் கேக்கலையா?”

“ஒரு சத்தமும் இல்லீங்களே.”

அந்தச் சாவியைப் போட்டார். முதல் திருப்பிலேயே திறந்துகொண்டது. உள்ளே பிள்ளைகள் தொண்டை கட்டிப் போய், அழுதால் குரல் வரவில்லை. மனைவியின் இரண்டு கையும் வீங்கியிருந்தன.

“விடியக்காலையிலேருந்து தட்டறோம். வெளியில ஒரு பொம்பளை... ‘பொறுத்துக்கங்க அண்ணி, சாவி அண்ணன்கிட்டதான் இருக்கு’ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. யாரு அவ?”

அவர் குனிந்து பார்த்தார். வாசற்படியில் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம். சுள்ளென்று வெயில் அடித்தும் அது காயவில்லை.

அடுத்த வாரம் புல்டோசர் வந்தது. மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை. மேஸ்திரிதான் அவரை நம் வேலையில் சேர்த்துவிட்டார். மூலையில் முகத்தை மூடிப் படுப்பாரே, அவர்தான். கதவு வைக்காத கட்டடத்தில்தான் தூங்குவார். கதவு வந்துவிட்டால் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்.

இன்றைக்கு அவர் படுக்கை காலியாக இருக்கிறது, பார்த்தீர்களா?

சாயங்காலம் இருபத்து நாலு கதவு வந்து இறங்கியது. நாளைக்குப் பொருத்த வேண்டும் என்று அந்தச் சுவரில்தான் சாய்த்து வைத்தோம். நிலை இல்லை, வீடு இல்லை, வெறும் கதவு. கொஞ்சம் டார்ச்சை அடியுங்கள்... கடைசிக் கதவு. அதன் கொண்டியில் தொங்குகிறதே ஒரு பூட்டு, அதை மாட்டியது யார்?

தரையில் காலை வைக்காதீர்கள். ஈரமாக இருக்கிறது.