பள்ளிக்கூடக் கதவு

மிரெல்லா: கத்தாதண்ணா... அப்பா எந்திரிச்சிடுவாரு.

சபீனோ: எந்திரிக்கட்டும்! யார்கிட்டடி சொன்ன?

மிரெல்லா: இலேனியாகிட்ட... அப்பா இன்னிக்கு ராத்திரி போய் ஓட்டுப் போட்டாருன்னு. பெருமையா இருந்துச்சு, சொல்லிட்டேன்.

சபீனோ: வேற ஆளே கெடைக்கலையா? அப்பாவோட மேஸ்திரி மவகிட்டயா...

மிரெல்லா: அவ என் ஃப்ரெண்டுண்ணா! இப்ப 'எங்கப்பாகிட்ட சொல்லிட்டேன்'னு மெசேஜ் போடுறா. ஆனா அப்பா 'ஆமா'ன்னு போட்டாரா 'இல்ல'ன்னு போட்டாரான்னு யாருக்குத் தெரியும்? ரகசிய ஓட்டுதானே?

சபீனோ: சீட்டுதான்டி ரகசியம். பள்ளிக்கூடக் கதவு ரகசியமா? பாதிப் பேரு வரலைன்னா இந்த ஓட்டே செல்லாது. வேணாங்கிறவன் எவனும் வரமாட்டான். உள்ள காலு வெச்சாலே 'ஆமா'தான். எதிர்த்த காப்பிக் கடையில அப்பாவோட முதலாளி மச்சான் பகல் பூரா எதுக்கு உக்காந்திருந்தான்? கடை மூடுற வரைக்கும் அப்பா ஏன் காத்துக்கிட்டிருந்தாரு?

மிரெல்லா: அதுக்காக? காரணமில்லாம வேலைய விட்டுத் தூக்கினவனத் திரும்பச் சேக்கணுமான்னு மொத்த இத்தாலியையும் கேக்குறாங்க. எல்லாரும் ஒளிஞ்சுக்கணுமா? தக்காளி ஆலையில உன்னைத் தூக்கினாங்கன்னுதான் அப்பா போனாரு. 'சபீனோவுக்காக'ன்னு சொன்னாரு!

சபீனோ: நான் கேட்டனா?

மிரெல்லா: ச்சீ... பேசுறியா நீ? எனக்குப் பதினாறு, ஓட்டு இல்ல. இருந்தா ஓடியிருப்பேன். நீ எப்பப் போன?

சபீனோ: காலையில.

மிரெல்லா: ஓட்டுக் கார்டைக் காட்டு. முத்திரை குத்தியிருப்பாங்கல்ல.

சபீனோ: எங்கயோ... வெச்சேன்.

மிரெல்லா: மூக்கு ஏன் இப்படிச் செவந்திருக்கு?

சபீனோ: கூரையில ஓடு மாத்தினேன். வெயிலு.

மிரெல்லா: ஞாயித்துக்கிழமையா? செருப்பெல்லாம் மணலு... டேய், கடலுக்குப் போனியா!

சபீனோ: மெதுவா பேசுடி...

மிரெல்லா: உனக்காக அவரு பயந்து பயந்து போயிருக்காரு, நீ கடல்ல குளிச்சிட்டு வர்ற! நாளைக்கு மூணு மணி வரைக்கும் ஓட்டு இருக்கு. போறியா இல்லையா?

சபீனோ: முடியாது மிரெல்லா... அந்த மேஸ்திரிதான் கூட்டிட்டுப் போனான். செவ்வாக்கிழமை வேலைக்கு வந்துடுன்னான். 'உங்க வீட்டுல யாரும் போகமாட்டாங்கல்ல?' ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான்... அப்பாவும் போகமாட்டாருன்னு அம்மா மேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்டி.